சுரங்கம் வேறு, அகழ்வு வேறு

கீழக்கரையில் ஏழாம் வகுப்புப் படிக்கிற என் தங்கை மகள் போன வாரம் ஒரு படம் வரைந்து காட்டினாள். வகுப்பில் கொடுத்த தலைப்பு, ‘மலைச் சுரங்கப் பணிகளால் வனவிலங்குகளின் வாழிடம் பாதிப்பு’. மலையடிவாரத்தில் ஒரு பொந்து, அதற்குள் விளக்கோடு நாலு ஆட்கள். மேலே புல்லும் மரமும் வரையாடும் அப்படியே இருந்தன. “மாமா, உள்ளேதானே தோண்டுறாங்க, மேலே நிக்கிற ஆட்டுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல் எதைக் காட்டியதோ அதைத்தான் வரைந்திருக்கிறாள்.

சுரங்கம் என்றால் நிலத்துக்குள் குடைந்து போகும் வழி. வடமொழியில் சுருங்கா, அதுவே கிரேக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. தமிழில் பழைய வடிவம் சுருங்கை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது அகழியும் வருகிறது, யானைக் கூட்டம் போகிற சுருங்கை வீதியும் வருகிறது. மூடிக் கிடப்பது சுருங்கை, திறந்து கிடப்பது அகழி. அடுத்தடுத்த வரிகளிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் மைனிங் என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் சுரங்கம் என்றே எழுதிவிடுகிறார்கள். கோலார் தங்கவயலில் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அது சுரங்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் கர்நாடகத்துக் குதிரைமுகத்தில் நடந்தது என்ன? இரும்புத்தாதுக்காக மலையின் மேல்பகுதியை வெடிவைத்துத் தகர்த்து, படிப்படியாக வெட்டி அள்ளினார்கள். மழையில் மண் கரைந்து பத்ரா ஆற்றில் இறங்கியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2005 முடிவில்தான் அது நின்றது. வரையாடு அங்கே கிடையாது. சிங்கவால் குரங்கு உண்டு. அது பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்காது. லாரி போக ஒரு பாதை வெட்டினாலே கிளைக்குக் கிளை இருந்த தொடர்ச்சி அறுந்து, கூட்டம் ஒரு பக்கம் ஒடுங்கிவிடும். இதையெல்லாம் ‘சுரங்கம்’ என்று எழுதினால் படிக்கிறவர் மனசில் மலை முழுசாக நிற்கிறது. என் ஆத்திரம் அதனால்தான்.

‘திறந்தவெளிச் சுரங்கம்’ என்று சமாளிக்கிறார்கள். திறந்து கிடப்பது எப்படிச் சுரங்கமாகும்? நெய்வேலிக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது, சரி, ஊர்ப்பெயர் மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும். புதிதாக எழுதும் இடத்திலாவது அகழ்வு என்று எழுதலாமே. அகழ் என்றால் தோண்டி எடுப்பது. நிலத்தைத் தோண்டுகிறவரைக் குறளே ‘அகழ்வார்’ என்கிறது.

அகழ்வு என்றால் தொல்லியல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் மறுத்தார். அது அகழாய்வு, ஆய்வு என்ற சொல் கூடவே இருக்கிறது. நம் அழகன்குளத்தில் தோண்டியபோது யாரும் குழம்பவில்லை. அப்புறம், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர்கள் எப்போதோ தீர்த்துவிட்ட விஷயம் இது. அங்கே செய்திகளில் மணல் அகழ்வு, கல் அகழ்வு என்றே எழுதுகிறார்கள். பாம்பனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் தடுமாற வேண்டும்?

நம் கரையில் இந்தப் பிழை இன்னும் கொடுமை. ஒரு கூட்டத்தில் ‘பவளப்பாறைச் சுரங்கம்’ என்று வாசித்தார்கள். கடலுக்குள் யார் சுரங்கம் வைத்தது? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை உடைத்துப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். அலையைத் தடுத்த கல் போன பின் தீவுக்குக் காவல் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது இந்தக் கல்லெடுப்புத்தான். கடலடிப் பாறைத்திட்டுக்கு நம்மிடம் ‘பார்’ என்ற சொல் இருக்கிறது, முத்து எடுத்த காலத்திலிருந்தே. ஆனைப்பார் தீவின் பெயரிலும் அது நிற்கிறது. பார் உடைப்பு என்றோ பவள அகழ்வு என்றோ சொல்லியிருந்தால் கூட்டத்தில் இருந்த கடலோடிகள் உடனே தலையாட்டியிருப்பார்கள்.

இதே ஆட்கள்தான் தாதுக்கு மேலே கிடக்கும் மண்ணை ‘மேல்சுமை’ என்று எழுதுகிறார்கள். தோண்டுகிறவனுக்கு அது சுமை. அதில்தான் புல் முளைக்கிறது, அதைத்தான் வரையாடு மேய்கிறது. மேல்மண் என்றால் போதும். கல் வெட்டும் இடத்தைக் ‘கற்சுரங்கம்’ ஆக்கவும் வேண்டாம்; குவாரி ஊரெல்லாம் புரிகிற சொல், அதில் எனக்குச் சண்டையில்லை.

தங்கை மகளிடம் தலைப்பை ‘மலை அகழ்வு’ என்று மாற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலே இருந்த ஆட்டை எங்கே வரைவது என்று கேட்டாள்.