கடைசியில் வாங்கும் பெட்டிதான் முதலில் கருகுகிறது

போன மாதம் ஒரு மழைச் சாயங்காலம். மோட்டாரின் பின்சீட்டில் கைலி சுற்றிய கணினிப் பெட்டியை ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒரு பையன் கடைக்கு வந்தான். கைலியை அவிழ்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கருகின பிளாஸ்டிக்கும் கவிச்சியும் கலந்த ஒரு நாற்றம் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது அத்துப்படி.

“நாலு நாள்தாண்ணே ஓடுச்சு” என்றான்.

எஸ்.பி.எம். பரீட்சை முடித்து, செம்பனை ஆலையின் எடைமேடையில் எட்டு மாதம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. ரைசன் 5 5600 புரோசசர், கைமாறி வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், கண்ணாடி வைத்த கேஸ், அதில் ஆறு விசிறி, ஆறும் கலர் கலராக எரியும். யூடியூப் பார்த்து அவனே பூட்டியது. பூட்டியதில் குறையே சொல்ல முடியாது. வயரையெல்லாம் என்னைவிட நேர்த்தியாகக் கட்டியிருந்தான். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டியான பவர் சப்ளை மட்டும், “கேசோட ஃப்ரீயா குடுத்தாங்கண்ணே.”

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் பதினேழு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். முதன்முதலாகச் சொந்தத்தில் கேமிங் கணினி பூட்டுகிற பிள்ளைகள் என் மேசைக்குக் கொண்டுவருவதில் பெரும்பாலும் இதே கதைதான். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று மாத ஆராய்ச்சி நடக்கும். பவர் சப்ளைக்கு, கையில் மிஞ்சின காசுக்கு எது கிடைக்கிறதோ அது.

அவனுடையதைக் கழற்றி மேசையில் வைத்தேன். மேலே பெரிய எழுத்தில் 600 வாட். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. அதில் 12 வோல்ட் என்ற தலைப்பின் கீழ் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கால்குலேட்டரை அவன் பக்கம் தள்ளினேன். பன்னிரண்டையும் பதினெட்டையும் பெருக்கினான். 216 வாட் வந்தது. இன்றைய கணினியில் புரோசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் அநேகமாக முழுச் சக்தியையும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. 3060-க்கு என்விடியா போட்டிருக்கும் கணக்கு 170 வாட், ரைசனுக்கு 65. கூட்டினால் 235. விசிறியும் எஸ்எஸ்டியும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஸ்டிக்கரில் உள்ள மீதி வாட், 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் எழுதி நிரப்பியது, இல்லாவிட்டால் வெறும் மை.

பின்பக்கம் ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் வேறு, 115, 230 என்று. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். துடைக்கும்போது யார் கையாவது பட்டு அது 115-க்குப் போய்விட்டால், பிளக்கைப் போட்டதும் தீபாவளிதான். ஓரளவு நல்ல பவர் சப்ளைகளில் இப்போது அநேகமாக இந்தச் சுவிட்ச் கிடையாது. பெரும்பாலானவை 100 முதல் 240 வரை எது வந்தாலும் தானே பார்த்துக்கொள்ளும். கடையில் அந்தச் சிவப்பைப் பார்த்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கார்டுக்குப் போகிற எட்டு பின் கேபிள்கூட அதில் இல்லை. அந்த இணைப்பு 150 வாட் வரை கொடுப்பதற்கென்று வகுத்தது. இவனோ பழைய டிவிடி டிரைவுக்குப் போகிற வயரில் ஒரு அடாப்டரைச் செருகி அதிலிருந்து இழுத்திருக்கிறான். அடாப்டரின் வெள்ளை முனை ஒரு பக்கம் காப்பி நிறத்துக்கு வந்து, பல்லு விழுந்த வாய் மாதிரி உருகியிருந்தது. எல்லாப் பாகத்தையும் செருகுகிற மதர்போர்டு போச்சு. கார்டும் புரோசசரும் பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம்.

எதை வாங்குவது? இந்த அளவு கணினிக்கு 550 அல்லது 650 வாட், பெயர் தெரிந்த கம்பெனி, குறைந்தது ஐந்து வருட வாரண்டி. இருநூறு, இருநூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) ஆகும். 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சுவரிலிருந்து எடுக்கிற மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்குத்தான் அது சான்று. ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடுமா என்பதை அது சொல்லாது. அதை வாரண்டிக் காலம்தான் ஓரளவு சொல்லும். ஐந்து வருடம் மாற்றிக் கொடுக்கிறேன் என்று எழுதித் தருகிறவன் உள்ளே தகர டப்பா வைக்க மாட்டான். இன்னொன்று, கெட்டுப்போனாலும் பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

அடுத்தது வீட்டு வயரிங். கோலாலம்பூர்க்காரர்கள் போடும் வீடியோக்களில் இது வராது. தோட்டத்து லைன் வீடுகளிலும் கம்பத்துப் பலகை வீடுகளிலும் வயரிங் போட்டு முப்பது, நாற்பது வருடம் ஆகியிருக்கும். மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. “அண்ணே, கேசைத் தொட்டா விரல்ல எறும்பு ஊருது” என்று வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று லைவிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேஸ் தகரத்துக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரத்தில் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் ஊர்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே ஏதாவது வயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால் அன்றைக்கு ஊராது, தூக்கி எறியும். செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடு என்று சில கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மின்சாரத் துறையைக் கண்காணிக்கிற சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்தில் இருக்கிற, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்துகிற டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

இடியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெலிபோன் கம்பியில் இண்டர்நெட் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இடி விழுந்த மறுநாள் காலை என் கடை வாசலில் மோடத்தோடு வரிசை நிற்கும். டெலிபோன் செம்புக் கம்பி வழியாகவே வந்து அடித்துவிட்டுப் போய்விடும். இப்போது ஃபைபர், கண்ணாடி இழை, அந்த வழி அடைபட்டது. மின்சார வழி அப்படியேதான் இருக்கிறது. சர்ஜ் தடுப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் நல்லதுதான், ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அது பாதி வேலைகூடச் செய்யாது. வந்த அடியை அது பெரும்பாலும் தள்ளிவிடுவது எர்த்துக்குத்தானே. வானம் கறுத்தால் சுவிட்சை அடைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

சரி, கார்டு, புரோசசர் விஷயத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் மானிட்டர் என்ன, என்ன கேம் என்று சொல்லுங்கள். 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளி. 1440பி திரையில் சுமார் 37 லட்சம். கார்டு அத்தனை புள்ளியையும் நொடிக்கு அறுபது தடவையோ நூற்று நாற்பத்து நான்கு தடவையோ வரைய வேண்டும். வாலரன்ட் என்ற சுடும் கேம் மட்டும் ஆடுகிறவனுக்குப் பெரிய கார்டு தேவையே இல்லை. அந்த மாதிரி கேமில் அதிகம் உழைப்பது புரோசசர்தான். கதை கேம், திறந்த உலக கேம் என்றால் காசைக் கார்டில் போடுங்கள். சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்கில் அதை மாற்றாமல் ஒன்றரை வருடம் 60-லேயே விளையாடிய ஒருவர் நம் ஊரில் இருக்கிறார். ஆள் யார் என்று சொல்லமாட்டேன், எனக்குச் சொந்தம்.

பொருத்தம் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டுமில்லை. ரைசன் 5000 வரிசைக்கு போர்டில் புரோசசர் உட்காருகிற இடம் ஏஎம்4 சாக்கெட், டிடிஆர்4 ரேம். 7000 வரிசையிலிருந்து ஏஎம்5, டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு ஒரே சாக்கெட், ஆனால் ரேம் எது என்பது போர்டைப் பொறுத்தது. இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. “கார்டு அப்புறம் வாங்கிக்கிறேன், இப்போதைக்குப் படம் வந்தா போதும்” என்கிறவர்கள் 12400எஃப் வாங்கினால் கறுப்புத் திரைதான் பார்ப்பார்கள். ரைசன் 5600-உம் அப்படியே. 5600ஜி என்றால் படம் வரும். ரேமை ஒரே 16 ஆக வாங்காமல் இரண்டு 8 ஆக வாங்கி, நான்கு இடமுள்ள போர்டில் புரோசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கென்று சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. டிடிஆர்4 கைமாறியது கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ரேம் லேசில் கெடுகிற சாமான் இல்லை.

ஆன்லைனில் இன்டெல் ஜியான் புரோசசர், போர்டு, ரேம் மூன்றும் சேர்த்து ஒரு செட் சல்லிசாக வரும். பத்து கோர், பன்னிரண்டு கோர் என்று விளம்பரம் போட்டிருப்பான். அவை சர்வர்களிலிருந்து கழித்துக்கட்டிய பத்து வருடப் பழைய சில்லு. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் அவை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கணினியில் வேண்டும். எந்த கேமுக்காக அதை வாங்கினார்களோ அந்த கேமே ஓடாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கார்டு வாங்குவதை நான் தடுக்கமாட்டேன், நானும் வாங்குகிறேன். 2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் என்ற டிஜிட்டல் காசு, கார்டு வைத்துத் தோண்டும் முறையை விட்டதும், அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அதில் நல்லதும் உண்டு. பயப்பட வேண்டியது பொய்க் கார்டுக்கு. நானே ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஆன்லைனில் ஒன்று எடுத்தேன். பிரித்ததும் பின்னால் பழைய மானிட்டருக்கான நீல நிற விஜிஏ முனை இருந்தது. அந்தத் தலைமுறைச் சில்லில் விஜிஏவே கிடையாது. அப்போதே சுருக்கென்றது. கார்டின் விவரத்தைக் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் சில்லின் பெயர் ஜிஎஃப்116, அதாவது 2011-இல் வந்த 550 டிஐ. கார்டுக்குள் இருக்கிற பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதிப் பெயரை ஒட்டியிருந்தார்கள். அந்த ஜிபியு-இசட் இலவசம், இப்போது போலிக் கார்டு என்றால் பெயருக்கு முன்னாலேயே காட்டிவிடும். விற்பவர் முன்னாலேயே அதைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு, கட்டம் எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். அரை மணி நேரம் எதற்கு என்று முணுமுணுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் வாங்கியது சரியில்லை, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு போட 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது வேண்டும். முகநூலில் தனி ஆளிடம் வாங்கியதற்கு இது உதவாது, வியாபாரம் செய்கிறவர் மேல்தான் வழக்கு நிற்கும். ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து நேராக வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி உண்டு. வாரண்டிக்கு அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். இதையும் கணக்கில் சேர்த்தால் ஈப்போவில் வாங்குவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அந்தப் பையனுக்கு என்னிடமிருந்த பழைய பி450 மதர்போர்டைத் தந்து அதன் பயாசைப் புதுப்பித்தேன். ஆறு விசிறியில் நான்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் வாங்கின கடையோடு பேசினேன். அந்தக் காசும் இன்னும் கொஞ்சமும் போட்டு 550 வாட் பவர் சப்ளை வாங்கினான். எடுத்துப்போக அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அக்கா கணினியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“ஏன் தம்பி, இது எவ்வளவு கரண்டு இழுக்கும்?”

“விளையாடும்போது எல்லாம் சேர்ந்து முந்நூறு வாட்னு வைங்க. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்னா மாசம் 36 யூனிட், அக்கா. இன்னொரு ஐஸ்பெட்டி வாங்கி வெச்ச மாதிரி.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பன்னெண்டு மணிக்கு மேல மெயின் சுவிட்ச அடைச்சிடுறேன்.”

“அடைக்கிறதுக்கு முன்னாடி ஷட் டவுன் பண்ணச் சொல்லுங்கக்கா” என்றேன். பையன் அதற்குள் கைலியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.