காற்றை எந்த வங்கியில் போடுவது?

கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்காரர்களின் பேச்சில் 'பேங்கிங்' என்ற சொல் அடிக்கடி வரும். பணத்தைப் பற்றியது அல்ல, காற்றைப் பற்றியது. பலருக்கு ஆரல்வாய்மொழியிலோ உடுமலையிலோ சொந்தக் காற்றாலை உண்டு. ஆனி, ஆடியில் தேவைக்கு மேல் கிடைக்கும் யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்து, காற்று ஓய்ந்தபின் எடுத்துக்கொள்வது பல ஆண்டு வழக்கம்.

வரவு ஏட்டில்தான் இருக்கிறது. ஆடியில் பிறந்த மின்சாரம் பிறந்த நொடியிலேயே யார் வீட்டு மின்விசிறியிலோ செலவாகிவிட்டது. தை மாதம் மில்லுக்கு வருவது, அன்றைக்கு எங்கோ நிலக்கரி எரித்துப் புதிதாக உண்டாக்கியது.

மின்கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். அதைக் காட்டும் நாடிதான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். செலவு மிஞ்சினால் அது இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். காற்றோ சொன்ன பேச்சைக் கேட்காது. அதன் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். தமிழகத்தில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலை நிறுவுதிறன் இருக்கிறது. அது ஏறி இறங்கும்போதெல்லாம் வேறு யாராவது இறங்கி ஏற வேண்டும். அனல்மின் கொதிகலனை ஓரளவுக்குக் கீழே தணிக்க முடியாது. அணைத்தால் மறுபடி மூட்டப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் நல்ல காற்று நாளில் காற்றாலையையே நிறுத்தச் சொல்லும் வேடிக்கையும் நடக்கும்.

நிஜமான வங்கி ஒன்று ஆனைமலையில் இருக்கிறது: 1980களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய கடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட். மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவே மலையைக் குடைந்து அமைத்த மின்நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது எந்திரங்கள் மோட்டாராகிக் கீழ்த் தண்ணீரை மேலே ஏற்றும். தட்டுப்பாடு வந்ததும் அதே தண்ணீர் இறங்கி, அதே எந்திரங்களை எதிர்த்திசையில் சுழற்றி மின்சாரம் தரும்.

கணக்கு எளிது. 1,000 லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் இறங்கினால் அதில் இருப்பது சரியாக ஒரு யூனிட் ஆற்றல். கடம்பாறையின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் டேங்கை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனாலும் அதில் தேறுவது ஒரே ஒரு யூனிட். அணை ஏன் வேண்டியிருக்கிறது என்பது இப்போது புரியும். வட்டியும் உண்டு, நாம் கட்டும் வட்டி: இத்தகைய நிலையங்களில் 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் 75 முதல் 80 யூனிட்தான் திரும்பும். நிறுத்தப்பட்ட காற்றாலையில் திரும்புவது பூஜ்யம் என்பதால் இது எனக்கு மலிவாகவே படுகிறது.

முன்பு இரவில் மிஞ்சிய மின்சாரத்தில் ஏற்றி மாலை உச்சத்தில் இறக்குவதே இந்த நிலையங்களின் வேலை. சூரிய மின்சாரம் பெருகியபின் நண்பகலிலும் ஏற்றலாம். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டம் இதே வகைதான்.

ஆனால் இவை சில மணி நேர வங்கிகள். ஆடியில் போட்டதைத் தையில் எடுக்க எந்த அணையும் போதாது. அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புவது வெயில்: காற்று படுத்திருக்கும் மாசி, பங்குனியில் வானம் தெளிந்து சூரியத் தகடுகள் நன்றாக வேலை செய்யும். இரண்டும் கைவிடுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். நல்லவேளையாக, அப்போது வயலில் பம்புசெட்டும் ஓடாது, வீட்டில் ஏசியும் ஓடாது.