ஊர் வழக்கு சுலபம், சொந்த வழக்கு கஷ்டம்: மூளைக்குள் என்ன நடக்கிறது?

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் அத்தை வீட்டுத் திண்ணை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வரப்புத் தகராறு, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மருமகள், கைக்கு வராத சீட்டுப் பணம், எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே முழுக்கக் கேட்பார். அப்புறம் இரண்டே கேள்வி. "அவன் பக்கம் என்ன சொல்றான்?" "இப்படியே விட்டா அடுத்த வருஷம் என்ன ஆகும்?" பல நேரம் அதிலேயே வந்தவர் குரல் தணிந்துவிடும்.

அதே அத்தைக்கும் அவர் கொழுந்தனாருக்கும் கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீர் விடுவது பற்றி 11 வருடமாகப் பேச்சு இல்லை. கொழுந்தனார் தன் முறைக்கு மேல் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டுகிறார் என்பது வழக்கு. அந்த மோட்டார் சத்தம் கேட்டாலே அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார். ஊருக்கெல்லாம் கேட்ட அந்த இரண்டு கேள்வியை இந்த ஒரு விஷயத்தில் அவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

உளவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: சாலமன் முரண். பைபிளில், ஒரே குழந்தைக்காக இரண்டு பெண்கள் சண்டையிட்டபோது தீர்ப்புச் சொன்ன அந்த சாலமன் ராஜாதான். தேசமே அவரிடம் அறிவுரை கேட்டு வந்தது. சொந்த வாழ்க்கையில் அவர் எடுத்த முடிவுகளோ அவருடைய ராஜ்ஜியத்தையே ஆட்டம் காண வைத்தன.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகோர் கிராஸ்மனும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் கிராஸும் இதைச் சோதித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். நீண்ட நாள் துணையோடு வாழ்பவர்களை அழைத்தார்கள். "உங்கள் துணை உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று பாதிப் பேரிடமும், "உங்கள் நெருங்கிய நண்பரை அவர் துணை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மீதிப் பேரிடமும் சொன்னார்கள். பிறகு அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அளந்தார்கள். தனக்குத் தெரியாத சங்கதி இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறார்களா? எதிராளி பக்கம் நின்று பார்க்கிறார்களா? இது இனி எப்படியெல்லாம் திரும்பலாம் என்று யோசிக்கிறார்களா? நடுவழி தேடுகிறார்களா? நண்பருக்காக யோசித்தவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகவே முன்னால் நின்றார்கள். அந்த அளவுகோலைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தையின் இரண்டு கேள்வியும் அதற்குள் அப்படியே இருந்தன.

இன்னொன்றும் தெரிந்தது. 20 முதல் 40 வயதுக்காரர்களையும் 60 முதல் 80 வயதுக்காரர்களையும் ஒப்பிட்டார்கள். வயசானால் சொந்த விஷயத்திலும் நிதானம் வந்துவிடும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை. ஆனால் சொந்தப் பிரச்சினையையே வேறொருவருக்கு நடந்ததுபோல் பார்க்கச் சொன்னபோது இரண்டு வயதினருமே தெளிவாக யோசித்தார்கள். புத்தி அவர்களிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நிற்கும் இடம்தான் அதை மறைத்திருக்கிறது.

சரி, நிற்கும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? நஷ்டத்தையும் அவமானத்தையும் மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா விழித்துக்கொள்ளும், உடம்பை உசுப்பும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் ஏறும். அது அளவுக்கு மீறிப் போகும்போது, நிதானமாக எடைபோடும் நெற்றிப் பக்கத்து மூளையின் பிடி தளர்கிறது. கவனம் ஒரு புள்ளியில் குவிகிறது. பாம்பைக் கண்டால் பாம்பை மட்டும் பார்ப்பது உயிரைக் காக்கும். பங்காளிச் சண்டையிலோ எதிராளி சொன்ன ஒரு வார்த்தை மட்டும் கண்ணில் நிற்கிறது, சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கிப்போகிறது.

அதற்கு மேல் மனசு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டும். அவன் இப்படிச் சொன்னான், நான் அப்படி நின்றேன், எல்லோரும் பார்த்தார்கள். கிராஸ், பெர்க்லியைச் சேர்ந்த ஓஸ்லெம் அய்டுக், வால்டர் மிஷெல் மூவரும் 2005இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். கோபம் வந்த ஒரு சம்பவத்தைத் தன் கண் வழியாகவே மறுபடி பார்த்தவர்கள், என்ன நடந்தது என்பதையே வரிசையாகச் சொன்னார்கள், கோபமும் புதிதாக வந்தது. தன்னையும் சேர்த்துத் தள்ளி நின்று பார்த்தவர்களோ ஏன் நடந்தது என்பதைக் கோத்துப் பார்த்தார்கள், கோபம் குறைவாக இருந்தது. இப்படித் தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு ரத்த அழுத்தம்கூடக் குறைவாகவே ஏறுகிறது என்று பிந்தைய ஆய்வு காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் எளிய வடிவம்தான். மனதுக்குள் பேசும்போது "நான்" என்பதை எடுத்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பேசுவது. ஐந்து நிமிடத்தில் தயாராகி மேடையேறிப் பேச வேண்டிய ஒரு சோதனையில், பெயர் சொல்லித் தன்னோடு பேசிக்கொண்டவர்கள் நன்றாகவும் பேசினார்கள், அப்புறம் அதையே நினைத்துக் குமையவும் இல்லை. 2017இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மோசரும் மற்றவர்களும் மூளை அலைகளை அளந்தார்கள். மனதைக் கலக்கும் படங்களைப் பார்க்கும்போது பெயர் சொல்லிப் பேசியவர்களுக்கு உணர்ச்சி அலை ஒரு விநாடிக்குள் தணிந்தது. மனதைக் கட்டுப்படுத்தும் கூடுதல் உழைப்பின் அடையாளம் மூளையில் தெரியவில்லை. அடுத்தவரைப் பெயர் சொல்லி நினைப்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பெயர் வந்தால் மூளை தானாக அந்தப் பழைய தடத்தில் போய்விடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆளைக் காட்டும் விகுதி நம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "ஏமாந்துட்டேன்" என்றால் "நான்" என்று சொல்லாமலேயே நான் அங்கே இருக்கிறேன். அதனால் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, வினையும் திரும்ப வேண்டும்: "ஏமாந்துட்டா." அந்த நெடில் ஆகாரம் வந்ததும் எனக்கு ஒரு அடி பின்னால் நகர்ந்த மாதிரி இருக்கிறது. இந்த மொழிக்கு இது புதிதுமல்ல. திருக்குறளின் 125ஆவது அதிகாரத்துக்குத் தலைப்பே "நெஞ்சொடு கிளத்தல்". பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரே உட்கார வைத்து, இந்த நோய்க்கு ஒரு மருந்து யோசித்துச் சொல்லேன் என்று கேட்கிறாள்.

தள்ளி நிற்பதும் அடக்கிக்கொள்வதும் ஒன்றல்ல. ஸ்டான்ஃபோர்டின் ஜேம்ஸ் கிராஸ் (இவர் வேறு கிராஸ்) 1998இல் காட்டியது இது: அருவருப்பான படக்காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் எதுவும் தெரியாமல் அடக்கியவர்களின் உடம்பு உள்ளே இன்னும் அதிகம் பதறியது. காட்சியை வேறு விதமாகப் பார்க்க முயன்றவர்களுக்கு அருவருப்பே குறைந்தது.

சில நேரம் ஒரு அடி பின்னால் போனால் கோபமோ துக்கமோ தணிவதோடு நிற்பதில்லை, காரணமே மாறிவிடுகிறது. இதை என் பற்களை வைத்துச் சொல்கிறேன். என் பள்ளிக்கூடப் படங்கள் எதிலும் நான் உதடு பிரித்துச் சிரித்திருக்க மாட்டேன். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். சரியாகத் தேய்ப்பதில்லை என்று வீட்டில் திட்டு. அடுப்புக்கரி, உப்பு, சாம்பல் என்று ஈறு கிழிய தேய்த்ததுண்டு. யாராவது சிரிக்க வைத்தால் கை தானாக வாய்க்குப் போகும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பதுதான் அப்போது என்னிடம் இருந்த ஒரே கேள்வி.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி சிரித்தாள், கை வாய்க்குப் போனது. இன்னொருத்தி சிரித்தாள், அவள் கையும் போனது. அன்றைக்குத்தான் கேள்வி மாறியது: "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறையில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கும் நிலத்தடி நீரில் அது கரைந்து சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்தால், ஈறுக்குள் பல்லின் எனாமல் உருவாகும்போதே அதன் கட்டமைப்பு கெட்டுவிடும். பல் முளைக்கும்போதே கறைக்கான குறையோடுதான் வரும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது, அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு என்ற சொல் இருக்கிறது. நான் என் சோம்பல் என்று நம்பியிருந்த ஒன்று, இரண்டு மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவர வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் தள்ளி நின்று பார்க்கும் இந்த முறையை யாரிடமும் திணிக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. அடிக்கும் புருஷனோடு இருக்கும் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பு. மாங்காய்க்குப் பறிகூலிகூடக் கட்டாத வருடம் போச்சம்பள்ளி விவசாயிக்குத் தேவை விலை. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் கிடப்பவருக்குத் தேவை மருத்துவம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமனாஸின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். தள்ளி நின்று பார் என்பதை அடுத்தவர் நமக்குச் சொன்னால் அது வலியைச் சின்னதாக்குவது போலத்தான் கேட்கும். கேள்வியாகக் கேட்டால் வேறு மாதிரி.

போன பொங்கலுக்கு அத்தையிடம் அப்படித்தான் கேட்டேன். "அத்தை, பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்து இதே கிணத்துக் கதையச் சொன்னா என்ன கேப்பீங்க?"

வெற்றிலை கிள்ளிய கை நின்றது. "அவன் பக்கம் என்ன சொல்றான்னு கேப்பேன்."

"சரி, என்ன சொல்றார்?"

பதில் வர நேரமானது. கிணற்றுப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அத்தை எழுந்து உள்ளே போகவில்லை.

"அவன் காடு மேட்டாங்காடு கண்ணு. தண்ணி ஏறிப் பாயறதுக்கே ரெண்டு மணி நேரம் கூட ஆகும்."