பேலினாலஜியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'பாலினாலஜி' என்று எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது பாலினம்தான். ஆண், பெண் பற்றிய ஏதோ படிப்பு போலிருக்கிறது. அதற்குப் பயந்தே 'பேலினாலஜி' என்று எழுதுகிறேன். பூக்களின் மகரந்தத்தையும், பெரணி போன்றவற்றின் ஸ்போர் எனப்படும் நுண்வித்துகளையும் ஆராயும் துறை இது. கடலடியில் படிந்த மண்ணிலும் இவற்றைத் தேடுவார்கள்; இங்கே பேசப்போவது அதைப் பற்றித்தான்.

சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1944-இல் ஹைட், வில்லியம்ஸ் என்ற இருவர் கிரேக்கத்திலிருந்து கட்டியது. அந்த மொழியில் 'பலுனோ' என்றால் தூவுதல். 'பலே' என்றால் நுண்ணிய மாவு அல்லது தூசி. இலத்தீனின் 'பொல்லென்' என்பதற்கும் முதற்பொருள் மாவுதான். பூவின் மகரந்தத்துக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. துறையோ சொல்லைவிட மூத்தது. சுவீடனின் லென்னார்ட் ஃபொன் போஸ்ட் 1916-இலேயே சதுப்புப் படிவுகளில் மகரந்தத்தை வகைவாரியாக எண்ணி, சதவீத வரைபடமாகக் காட்டிவிட்டார்.

சரி, தமிழில்? நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குறுந்தொகையில் தும்பி 'கொங்கு' தேர்ந்து வாழ்கிறது. அகநானூற்றில் பறவை 'தாது' உண்கிறது. கொங்குக்குத் தேன், மணம், பூந்தாது என்று மூன்று பொருள். எதைச் சொல்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய சொல் அறிவியலுக்கு ஆகாது. மகரந்தம் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் வடமொழியில் அது முதலில் குறித்தது பூவின் தேனை. 'தாது' இவற்றைவிட அழகானது. ஆனால் நாம் பேசப்போவது கடலடி மண்ணைப் பற்றி. அங்கே 'தாது' என்றால் இரும்புத் தாதுவும் மாங்கனீசுத் தாதுவும்தான் நினைவுக்கு வரும். 'படிவிலுள்ள தாதுக்களை எண்ணினார்கள்' என்று எழுதினால் வாசகர் கனிமம் என்றே எடுத்துக்கொள்வார். கிரேக்கத்தின் தூவுதலைப் பின்பற்றித் 'தூவியல்' எனலாமா என்று யோசித்தேன். தூவி என்றால் இறகு. அப்புறம் அது பறவைகளைப் பற்றிய படிப்பாகிவிடும்!

மிஞ்சுவது 'துகள்'. மாவு, தூசி என்ற மூலப்பொருளுக்கு இதுவே நெருக்கம். எனவே பூந்துகள், பூந்துகளியல். பொருள் பொருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலடியில் கிடைப்பது பூவின் தேனோ உயிரோ அல்ல, வெறும் கூடு. பூந்துகளின் உட்பகுதி விரைவில் அழிந்துவிடும். வெளிச்சுவர் மட்டும் ஸ்போரோபொலனின் என்ற மிக உறுதியான பொருளால் ஆனது. படிவிலுள்ள சுண்ணத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் மணலையும் களிமண்ணையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்திலும் கரைத்த பிறகும் அது நிற்கும். கண்ணாடியையே அரிக்கிற அமிலம் இது. அதில் பிழைப்பது பூவிலிருந்து வந்த துகள்! அதன் எதிரி ஆக்சிஜன். ஆக்சிஜன் நிறைந்த படிவில் கூடு சிதைந்துபோகும்.

இந்தக் கூடு கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போவது ஆற்றாலும் காற்றாலும். தனியாக மூழ்கினால் அடியைத் தொட வெகுகாலம் ஆகும். ஆனால் மிதவை உயிரிகள் அதை விழுங்கிக் கழிவோடு வெளியேற்றுவதால் பெரும்பகுதி சீக்கிரமே இறங்கிவிடுகிறது. பைன் துகளுக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு; அது வெகுதூரம் போகும், நன்றாக மிதக்கும். அதனால் கடற்படிவில் அதன் எண்ணிக்கை காட்டில் இருந்த அளவைவிட எக்கச்சக்கமாகத் தெரியும். பல ஆய்வாளர்கள் சதவீதம் போடும்போது பைனை மொத்தக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். ஏரிப் படிவு சுற்றுவட்டாரத்துச் செடிகளைக் காட்டும் என்றால், கடற்படிவு ஒரு பெரிய ஆற்றுப்படுகை முழுவதையும் கலந்து காட்டும். எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது என்று அதனிடம் கேட்கக் கூடாது.

பிறகு ஏன் கடலுக்குப் போக வேண்டும்? ஒரே பிடி சேற்றில் நிலமும் கடலும் சேர்ந்து கிடைப்பதால். போர்ச்சுகல் கரைக்கு அப்பால் எடுத்த படிவுகளில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்கள்) கடலின் கதையைச் சொல்கின்றன. பக்கத்திலேயே கிடக்கும் பூந்துகள், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரிய நிலத்தின் கதையைச் சொல்கிறது. கடைசிப் பனியுகத்தில் வட அட்லாண்டிக் திடீரெனக் குளிர்ந்தபோதெல்லாம் ஓக் போன்ற காட்டு மரத் துகள்கள் குறைந்து, ஆர்ட்டிமீசியா போன்ற வறள்நிலப் புதர்களின் துகள்கள் ஏறியிருக்கின்றன. இரண்டும் ஒரே அடுக்கில் இருப்பதால் எது முன், எது பின் என்பதற்குத் தனித்தனியே காலக்கணிப்பு செய்து பொருத்திப் பார்க்கும் தொல்லை இல்லை.

இன்னும் வியப்பானது அண்டார்க்டிகா. 2010-இல் அக்கண்டத்தின் வில்க்ஸ் நிலம் என்ற பகுதிக்கு அப்பால் கடலடியைத் துளையிட்டதில், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய படிவுகளில் பனைக் குடும்பத்தின் துகள்களும், இலவம், பாவோபாப் மரங்களின் உறவினங்களுடைய துகள்களும் கிடைத்தன. கடும் உறைபனியைத் தாங்காத இந்த மரங்கள் வளர்ந்த கரையில் குளிர்காலமும் மிதமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பூந்துகளியலுக்கும் ஒரு குறை உண்டு. பெரணிக்குப் பூவே இல்லை. அதன் நுண்வித்தை எப்படிப் பூந்துகள் என்பது? தூவப்பட்டது எதுவானாலும் கிரேக்கச் சொல்லுக்குள் அடங்கிவிடும். துறை முழுவதையும் சொல்ல வேண்டிய இடத்தில் 'பூந்துகள்-நுண்வித்தியல்' என்று நீட்டி எழுதலாம். கடலடிப் படிவிலுள்ள மகரந்தத்தை மட்டும் பேசும்போது 'கடற்படிவுப் பூந்துகளாய்வு' போதும்.