முடியில் எழுதப்படும் மூன்று மாதக் கணக்கு

கொட்டாஞ்சேனையோ, கிராண்ட்பாஸோ, வெள்ளவத்தையோ, போதையிலிருந்து மீள முயல்கிறவரின் வீட்டார் வைத்தியரிடம் கேட்பது ஒன்றுதான்: "இப்ப தொடுறதில்லைதானே?" சிறுநீர்ப் பரிசோதனை இதற்குப் பாதிப் பதில்தான் சொல்லும். 'குடு' என்று நாம் சொல்லும் ஹெரோயின் உடலுக்குள் போன சில நிமிடங்களிலேயே உருமாறத் தொடங்கிவிடும். கடைசியில் எஞ்சும் மோர்பினும் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரிலிருந்து போய்விடும். 'ஐஸ்' எனப்படும் மெதாம்பெட்டமைன் அதைவிட ஒரு நாள் கூடத் தங்கலாம். கிளினிக் திகதி தெரிந்தவர் நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும், பரிசோதனையில் எதுவும் தெரியாது. முடியிடம் இந்தக் கெட்டித்தனம் பலிக்காது.

தோலுக்கு அடியில் இருக்கும் முடிவேரில் செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. அவற்றுக்கு உணவு கொண்டுவருவது இரத்தம். அந்த நேரம் இரத்தத்தில் போதைப்பொருள் இருந்தால் அதுவும் செல்லுக்குள் போய்விடும். பிறகு செல்கள் கெரட்டின் என்ற புரதம் நிறைந்து இறுகி, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. இடியப்ப உரலில் பாதியில் குரக்கன் மாவைப் போட்டால் இழை அந்த இடத்திலிருந்து நிறம் மாறி இறங்கும் அல்லவா, அப்படித்தான். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்றிமீற்றர் வளர்வதால், தோலை ஒட்டிய 3 சென்றிமீற்றரில் கடந்த மூன்று மாதக் கதை இருக்கும்.

ஹெரோயின் பாவித்தவர்களின் முடியில் அதன் தடயத்தைக் கண்டறிந்த முதல் ஆய்வு 1979இல் வெளிவந்தது. இன்றைய முறைப்படி, பின்னந்தலையின் மேற்பகுதியில் பென்சில் தடிப்பில் ஒரு கற்றையைத் தோலோடு ஒட்டி வெட்டுவார்கள். முடி அங்கேதான் சீராக வளரும். வேர்ப்பக்கம் எது என்று அடையாளம் வைத்து அலுமினியத் தாளில் சுற்றினால், குளிர்ப்பெட்டிகூடத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, அரைத்து, மெத்தனோல் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, நிறமாலைக் கருவியில் மூலக்கூறுகளின் எடையைப் பார்ப்பார்கள்.

கழுவுவதில் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே ஹெரோயினைப் பெரும்பாலும் ஈயத் தாளில் சூடாக்கிப் புகையாகத்தான் இழுக்கிறார்கள். அந்தப் புகை பக்கத்தில் இருந்தவரின் தலையிலும், வீட்டுப் பிள்ளையின் தலையிலும் படியும். கழுவினால் பெரும்பகுதி போகும், முழுவதும் போகும் என்று சொல்ல முடியாது. கஞ்சாவுக்கு ஒரு நல்ல வழி உண்டு. உடலுக்குள் மட்டுமே உருவாகும், புகையில் இல்லாத ஒரு கழிவுப்பொருளைத் தேடலாம். ஆனால் அது முடியில் மிகச் சொற்பம்: 1 மில்லிகிராம் முடியில் 0.2 பிகோகிராம்தான் (ஒரு பிகோகிராம் என்பது கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) 'இருக்கிறது' என்று கொள்வதற்கான சர்வதேச எல்லை. ஹெரோயினுக்கான எல்லை அதைப்போல ஆயிரம் மடங்கு.

ஹெரோயினை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்தறிய உதவுவது, ஹெரோயின் மோர்பினாக மாறும் வழியில் உருவாகும் 6-அசிட்டைல்மோர்பின். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வலிக்கு மோர்பின் எடுப்பவரின் முடியிலும் மோர்பின் இருக்கும், ஆனால் இது இருக்காது. சிறுநீரில் சில மணித்தியாலங்களில் மறையும் இந்தப் பொருள் முடியில் மாதக்கணக்கில் கிடக்கும்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டியது மெலனினை. கறுப்பு நிறத்தைத் தரும் இந்தப் பொருள் கொக்கெய்ன், ஐஸ், ஹெரோயின் வகைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே தலையில்கூட நரைமுடியில் குறைவாகவும் கறுப்புமுடியில் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே இருவரின் அளவுகளை ஒப்பிட்டு, "இவன்தான் கூடப் பாவிச்சிருக்கிறான்" என்பது சரியில்லை. ஒருவரின் இன்றைய அளவை அவருடைய பழைய அளவோடு மட்டுமே ஒப்பிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஓய்வெடுக்கும் முடி. தலையில் பத்துப் பதினைந்து வீதமான முடிகள் எந்நேரமும் வளராமல் நின்று, சுமார் மூன்று மாதம் கழித்தே உதிரும். ஒருவர் உண்மையாகவே நிறுத்தியிருந்தாலும், தோலை ஒட்டி வெட்டும் கற்றையில் இந்தப் பழைய முடிகளும் சேரும். முடிவு 'இருக்கிறது' என்று வரலாம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப முடிகிற நாட்டில், ஒற்றை முடிப் பரிசோதனையை வைத்து "திரும்பத் தொடங்கிட்டார்" என்று முடிவுகட்டுவது அநியாயம் என்பேன். பார்க்கவேண்டியது நுனியிலிருந்து வேர்வரை அளவு இறங்குகிறதா என்பதை. போன வாரம் என்ன நடந்தது என்றும் முடி சொல்லாது, அந்தப் பகுதி இன்னும் தோலுக்கு வெளியே வந்திருக்காது. அதற்குச் சிறுநீர்தான்.

சாதாரண ஷாம்பூவால் இதெல்லாம் அழியாது. பிளீச் பண்ணினால் நன்றாகவே குறையும். மொட்டை போட்டுவிட்டால்? நெஞ்சு முடி, கால் முடி எடுக்கலாம், ஆனால் அவை ஓய்வில் நிற்கும் காலம் நீளம் என்பதால் மாதக்கணக்குப் பிரிக்க முடியாது. அதற்காகக் கதிர்காமத்தில் நேர்த்தி செலுத்தி வந்தவரை உடனே சந்தேகிக்கத் தேவையில்லை. சிகிச்சையின் தொடக்கத்திலேயே மொட்டை போட்டவரைக் கவனிப்பது உண்மையில் சுலபம். ஓய்விலிருக்கும் முடி நீளாது, வளர்கிற முடி மட்டுமே நீளும். மூன்று மாதம் கழித்துத் தோலுக்குச் சற்று மேலே வெட்டினால், நுனியில் முதல் ஒன்றிரண்டு வாரப் பகுதியை ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் மொட்டைக்குப் பிந்திய காலத்தின் கணக்காகவே வாசிக்கலாம்.