ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு ஈரல் எதற்கு?

எட்டு வயதுப் பையன். தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய்; மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அவனுடைய அம்மா ஒரு நோட்டை என் மேசையில் விரித்தார். ஒரு மாதம் அவன் சாப்பிட்டதெல்லாம் வேளை தவறாமல் எழுதியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஈரல். தினமும் காலையில் ஆரஞ்சுச் சாறும் இரும்புச்சத்து டானிக்கும்.

"ரத்தம் ஊறணும்னுதான் மேடம்..."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லிப் பழக்கியவர்கள் நாங்கள்தானே! தலசீமியாவில் குறைவது இரும்பு அல்ல. ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலியை உருவாக்கும் மரபணுவில்தான் பழுது. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு கூடவே உள்ளே போகிறது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடல் எடுத்துக்கொள்வதோ வழக்கமாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் போய்ப் படியும். சாற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை இன்னும் அதிகமாக உறிஞ்ச வைக்கும்.

சிகிச்சை தரும் டாக்டரிடம் பேசி டானிக்கை அன்றே நிறுத்தினோம். ஈரலையும் விடச் சொன்னேன். "அப்போ கீரையும் கூடாதா?" என்று பதறினார். தாராளமாகக் கொடுக்கலாம். கீரையிலிருக்கும் இரும்பில் மிகக் கொஞ்சம்தான் உடலில் சேரும்; ஃபோலேட் என்ற பி வைட்டமினோ இந்தக் குழந்தைகளுக்கு மிகவும் தேவை. எலும்பு மஜ்ஜை ஓயாமல் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருப்பதால் ஃபோலேட் சீக்கிரம் செலவாகிவிடும். பருப்பு, பயறு வகைகளிலும் ஃபோலேட் உண்டு. மஜ்ஜை விரிய விரிய எலும்பு மெலியும் என்பதால் பால், தயிர், முட்டை விடுபடக் கூடாது. சாப்பாட்டோடு பால் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவதும் சற்றுக் குறையும். வைட்டமின் டி, துத்தநாக மாத்திரைகள் வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும், ஏற்கெனவே படிந்த இரும்பைச் சாப்பாடு வெளியே எடுக்காது. அதற்கான மருந்தை ஒரு வேளைகூடத் தவற விடக் கூடாது.

கிளம்பும்போது, தானும் பல வருடமாக இரும்பு மாத்திரை போடுவதாகச் சொன்னார். ஹீமோகுளோபின் எப்போதுமே குறைவாம். தலசீமியா மேஜர் குழந்தையைப் பெற்ற தாய். அவரும் அந்த மரபணுவைச் சுமப்பவராகத்தான் இருப்பார். அப்படிச் சுமப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. உண்மையிலேயே இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கிறதா என்பது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் தெரியும்.

"ஃபெரிட்டின் எப்போ பார்த்தீங்கம்மா?"

"எனக்கா? பையனுக்குத்தான் மேடம் பார்ப்பாங்க."

அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தேன்.