ஆயில் மாற்றினால் மட்டும் போதாது, நடுவில் அளந்தும் பாருங்கள்

என்ஜின் போய் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்படும் கார் என்றால், உரிமையாளரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைசியா எப்ப சார் ஆயில் பார்த்தீங்க?" பெரும்பாலும் வரும் பதில்: "சர்வீஸ்ல மாத்தினதுதானே, அடுத்த சர்வீஸுக்கு இன்னும் கிலோமீட்டர் இருக்கே." அவர் சொல்வது பொய்யில்லை. பில்லும் கையில் இருக்கும். ஆனால் நான் கேட்டது மாற்றிய தேதியை அல்ல, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்த தேதியை. மாற்றுவதும் பார்ப்பதும் இரண்டு வேறு வேலைகள். முதல் வேலையைத் தவறாமல் செய்து, இரண்டாவதை அடியோடு விட்டதால் போன என்ஜின்கள் ஏராளம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். என்ஜினில் மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும் ஒரு சாதாரண பெட்ரோல் கார். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குறைகிறது என்று வையுங்கள். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. புகை இல்லை, சத்தம் இல்லை, பிக்கப்பும் குறையவில்லை. பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம். அப்படியானால் 3,300 கிலோமீட்டரைத் தாண்டும்போதே ஆயில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும். 10,000 கிலோமீட்டர் வரை யாரும் டாப் அப் செய்யாமல் ஓட்டினால், உள்ளே மிச்சம் அரை லிட்டர். உண்மையில் அதுவரை என்ஜின் தாங்காது. அதற்கு வெகு முன்பே ஒரு வளைவிலோ, திடீரென பிரேக் அடிக்கும்போதோ ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பம்பின் உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்திருக்கும். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குச் சில நொடிகள் ஆயில் போகாவிட்டாலும் போதும், தேய்மானம் தொடங்கிவிடும். அப்படித் தேய்ந்த பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருக்க வேண்டிய வெளிர் சாம்பல் நிறப் பூச்சு உரிந்து அடியிலுள்ள செம்பு நிறம் தெரியும். அந்த நிறம் வந்துவிட்டால் பேரிங்கோடு வேலை முடியாது, கிராங்கையும் பார்த்தாக வேண்டும்.

"ஆயில் லைட் எரிஞ்சா தெரியுமே" என்பார்கள். எண்ணெய்க் கிண்ணம் போன்ற அந்தச் சிவப்பு விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிகிறது என்றால், என்ஜின் ஏற்கெனவே பட்டினி கிடக்கிறது என்று பொருள். சில புதிய கார்களில் அளவைச் சொல்லும் தனி சென்சாரும், மஞ்சள் எச்சரிக்கையும் உண்டு. அது உங்கள் காரில் இருக்கிறதா என்று உரிமையாளர் கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? வண்டி சமதரையில் நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம் விட்டால் மேலே போன ஆயில் கீழே இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே அழுத்தி, மறுபடி உருவ வேண்டும். முதல் முறை உருவும்போது தெரிவது அளவு இல்லை. குழாயின் சுவரில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து வந்திருக்கும். இரண்டாவது முறை உருவியதை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் கீழாகவும் தெரிந்தால், கீழாகத் தெரிவதையே அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்தும் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை, ஆயில் அழுக்கைச் சுமக்கிறது என்றுதான் அர்த்தம். டீசல் என்ஜினில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். ஆனால் பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தாலோ, மணல்போல நெருடினாலோ, பால் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ பட்டறைக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. சில கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் பார்க்க முடியும். இன்னும் சிலவற்றை என்ஜின் சூடாக ஓடும்போதுதான் அளக்க வேண்டும். அங்கெல்லாம் கையேடு சொல்வதே சட்டம்.

பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, கிலோமீட்டர், எவ்வளவு ஊற்றினோம் என்ற மூன்றும் போதும். "கொஞ்சம் ஊத்தினேன்" என்பதை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. "மேல் கோடு வரை நிரப்பி 2,000 கிலோமீட்டர் ஓட்டினேன், மறுபடி அதே கோட்டுக்குக் கொண்டுவர அரை லிட்டர் பிடித்தது" என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆயில் கொஞ்சமாவது குறைவது இயற்கைதான். சிலிண்டர் சுவரில் மெல்லிய படலமாக ஆயில் இருந்தால்தான் பிஸ்டன் உரசாமல் ஓடும், அந்தப் படலத்தில் ஒரு பங்கு எரியத்தான் செய்யும். புது என்ஜினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டரோடு படியும் வரையிலும், நெடுஞ்சாலையில் வேகமாக நெடுநேரம் ஓட்டும்போதும் இது கூடும். எவ்வளவு வரை இருக்கலாம் என்பதில்தான் சண்டை. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சில நிறுவனங்கள் ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். வாரண்டியில் இலவசமாகப் பழுது பார்ப்பதற்கான எல்லை அது, ஆரோக்கியமான என்ஜினின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லிக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. 200, 300 என்றால் மாதா மாதம் எழுதி வைத்து, ஏறுகிறதா நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அரை லிட்டரைத் தொட்டால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

தேடும்போது எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கசிவு. ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் போல்ட் வாஷர், வால்வு கவர் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சூடான சைலன்சர் பைப் மீது விழுந்து அங்கேயே எரிந்துவிடும். வண்டியை நிறுத்தி இறங்கும்போது ஒரு கருகல் வாடை மட்டும் வரும்.

அடுத்தது பிசிவி வால்வு. என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இழுத்து மறுபடி எரிய அனுப்பும் சின்னப் பாகம் இது. சில என்ஜின்களில் தனியாகக் கழற்றலாம், சிலவற்றில் வால்வு கவரோடு சேர்ந்தே வரும். இது பழுதானால் வாயுவோடு ஆயிலையும் இழுத்துக் கொடுக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருந்த சீல்களிலிருந்து ஆயிலை வெளியே தள்ளும். இதைப் பார்க்காமல் "என்ஜின் இறக்கணும்" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள்.

கசிவும் இல்லை, பிசிவியும் சரி என்றால் ஆயில் உள்ளே எரிகிறது. அப்போது நீலப் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால், வால்வு சீலைச் சந்தேகப்பட வேண்டும். ரப்பர் இறுகிப்போய் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். நீண்ட சரிவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். மேட்டில் இழுக்கும்போதும், அழுத்தி மிதிக்கும்போதும் தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம் போக வேண்டும். டர்போ உள்ள வண்டியில் டர்போவின் சீலும் பட்டியலில் உண்டு; காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார்களில் புகைக் குழாயில் இருந்து நச்சு வாயுவைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் சூடானதும் வருகிற ஆயில் ஆவியில் பெரும்பகுதியை எரித்துவிடும். அதனால் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கும் என்ஜின்கூட பின்னால் வருபவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியலாம். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் படிந்து படிந்து அந்த கன்வர்ட்டரையே செயலிழக்கச் செய்யும் என்பது தனி நஷ்டம். புகை இல்லையே என்ற நிம்மதி வேண்டாம். டிப்ஸ்டிக் சொல்வதை நம்புங்கள்.

சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் விஷயத்திலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டினால், ஒரு ஸ்பூன் ஆயிலை அதற்குள் விட்டு மறுபடி பார்ப்போம். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்கும் லீக் டவுன் டெஸ்ட் இன்னும் துல்லியமானது: ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங், சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆனால் இரண்டு டெஸ்டும் நல்லது என்று சொன்ன பிறகும் ஆயில் குறையலாம். காரணம், பிஸ்டனில் மேலே உள்ள ரிங்குகள்தான் அழுத்தத்தைப் பிடிக்கின்றன. கீழே உள்ள ஆயில் ரிங்கின் வேலை சுவரில் படிந்த ஆயிலை வழித்து இறக்குவது. அந்த ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகிவிட்டால் கம்ப்ரஷன் அப்படியே இருக்கும், ஆயில் மட்டும் மேலே போகும். அப்படிப்பட்ட பிஸ்டனை வெளியே எடுத்தால், ரிங் பள்ளத்துக்குப் பின்னாலுள்ள ஆயில் வடியும் நுண்துளைகள் தார்போல இறுகி அடைத்திருக்கும். ஊசி வைத்துக் குத்தினாலும் எளிதில் விடாது. ஆயிலைத் தாமதமாக மாற்றுவதும், என்ஜின் முழுதாகச் சூடாகாத குட்டிப் பயணங்களும் இந்தக் கரியைச் சேர்க்கின்றன. எப்போதும் உரிமையாளர் தலையில் பழியைப் போடவும் முடியாது. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ என்ஜின் 2000-களின் பிற்பகுதியில் ஆயில் குடிப்பதற்குப் பேர் வாங்கியது. பிஸ்டன், ரிங் சம்பந்தப்பட்ட அந்தக் குறைக்கு அந்த நிறுவனமே கூடுதல் வாரண்டி கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கரி மட்டும்தான் காரணம் என்றால், கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிடும் வைத்தியம் சில நேரம் பலன் தரும். ரிங் தேய்ந்திருந்தாலோ சிலிண்டரில் கோடு விழுந்திருந்தாலோ எதை ஊற்றினாலும் பயன் இல்லை. "கனமான ஆயில் ஊத்திடலாம், குடிக்காது" என்ற யோசனையை மட்டும் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கனமான ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு டைமிங்கை மாற்றும் பாகமும், டைமிங் செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன, அவை தடுமாறும். ஆயில் குறைந்தாலும் இவைதான் முதலில் முனகும். ஸ்டார்ட்டில் சில நொடி செயின் கரகரப்பதும், ஸ்கேனரில் பி0011 போன்ற கேம் டைமிங் பழுதுக் குறியீடு வருவதும் பல நேரம் ஆயில் கேட்டு என்ஜின் கொடுக்கும் குரல். சென்சார் மாற்றுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

அளவு குறைவதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது அளவு கூடுவது. ஊற்றாமலேயே ஆயில் ஏறியிருந்தால், டீசலோ பெட்ரோலோ, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கலந்திருக்கிறது. புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள டீசல் கார்களில் அந்தக் கரியை எரிக்கும் சுழற்சி பாதியில் பாதியில் நின்றால் டீசல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் நீர்த்துப் பேரிங்கைக் காக்காது. அதேபோல டாப் அப் செய்யும்போது மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், கிராங்க் சுழன்று ஆயிலை நுரையாக அடிக்கும். நுரையை பம்ப் சரியாகத் தள்ளாது. கூடுதலாக ஊற்றிவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி அவசர நேரங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி என்ஜினை அணையுங்கள், "அடுத்த பங்க் வரை" என்று இழுக்காதீர்கள். வெப்ப முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் முகத்தில் பாயும். செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆக்சிலரேட்டரைக் குறைத்து சீக்கிரம் நிறுத்திவிடுங்கள். டர்போ டீசலில் அரிதாக ஒன்று நடக்கும்: டர்போ சீல் உடைந்து, என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தானே வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டால் என்ஜின் திணறி நிற்கும். ஆட்டோமேட்டிக் என்றால் ஆட்களை இறக்கிக்கொண்டு விலகி நில்லுங்கள், காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான். விலை பேசுவதற்கு முன் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள், ஆயில் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், கடைசியாக எப்போது எவ்வளவு ஊற்றினார் என்று கேளுங்கள். முதல் ஸ்டார்ட்டை நீங்களே அடியுங்கள், அதுவும் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. நீங்கள் போவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.